ஐ.சி. ஆம்ப்ளிஃபையர் கட்டுவதும் மேம்படுத்துவதும்: புதியவர்களுக்கான வழிகாட்டி

ஐந்து கால்கள் மட்டுமே உள்ள ஓர் ஐ.சி.க்குள் (ஒருங்கிணைந்த மின்சுற்றுச் சில்லு) முழுமையான ஒரு பவர் ஆம்ப்ளிஃபையர் அடங்கியிருக்கிறது. டிரான்சிஸ்டர்களை ஜோடி சேர்ப்பது, பயாஸ் மின்னோட்டத்தை (சிக்னல் இல்லாதபோதும் பாயும் சிறு மின்னோட்டம்) சரிசெய்வது, வெளியீடு ஷார்ட் ஆனால் காப்பாற்றிக்கொள்வது ஆகிய எல்லாவற்றையும் அதை வடிவமைத்தவர்களே முடித்துவிட்டார்கள்; கட்டுபவர் வெளியே சேர்க்க வேண்டியவை பத்துப் பன்னிரண்டு சில்லறைப் பாகங்கள்தாம். இதனாலேயே புதிதாகத் தொடங்குபவர்கள், ஒலியின் தரம் இனி அந்தச் சில்லறைப் பாகங்களின் விலையில்தான் இருக்கிறது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆனால் நமக்கு மிஞ்சியிருக்கும் வேலை வேறு: தகுந்த பவர் சப்ளை அமைப்பது, வெப்பத்தை வெளியேற்றுவது, ஒவ்வொரு மின்னோட்டமும் எந்தக் கம்பி வழியாகப் போய் எந்தக் கம்பி வழியாகத் திரும்ப வேண்டும் என்பதை முடிவுசெய்வது. வீட்டில் கட்டிய ஆம்ப்ளிஃபையர்களில் பெரும்பாலானவற்றைக் கெடுப்பது கடைசியாகச் சொன்னதுதான்.

இத்தகைய ஐ.சி.கள் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் மலிவான இசைக்கருவிக்கும்தான் ஏற்றவை என்ற எண்ணம் பலரிடம் இருந்தது. 1999இல் ஜப்பானின் 47 லேபரட்டரி நிறுவனம் எல்.எம்.3875 ஐ.சி.யை வைத்து, மிகச் சில பாகங்களோடு, கெயின்கார்டு என்ற விலையுயர்ந்த ஆம்ப்ளிஃபையரை வெளியிட்டது. அதைப் பார்த்து வீட்டில் கட்டத் தொடங்கியவர்கள் தங்கள் தயாரிப்புகளை கெயின்குளோன் என்று அழைத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரோடு சேர்ந்து சில நம்பிக்கைகளும் பரவின. பவர் சப்ளையின் கெப்பாசிட்டர் சிறிதாக இருந்தால்தான் ஒலி நன்றாக இருக்கும் என்பது அவற்றுள் ஒன்று. அதை நான் ஏற்பதில்லை.

எந்த ஐ.சி.?

முதல் ஆம்ப்ளிஃபையருக்கு எல்.எம்.1875 போதும். ±25 வோல்ட் சப்ளையில் (கிரவுண்டுக்கு மேலே 25, கீழே 25 வோல்ட்) 8 ஓம் ஸ்பீக்கருக்கு 20 வாட் தரக்கூடியது. ஒரு சாதாரண அறைக்கு இது தாராளம். மொத்த சப்ளை 16 முதல் 60 வோல்ட் வரை இருக்கலாம், அதாவது ±8 முதல் ±30 வரை. கால்களின் வரிசை எளிது: 1 சிக்னல் உள்ளீடு, 2 பின்னூட்ட உள்ளீடு (வெளியீட்டின் ஒரு பகுதி திரும்பி வரும் இடம்), 3 நெகட்டிவ் சப்ளை, 4 வெளியீடு, 5 பாசிட்டிவ் சப்ளை. டி.டி.ஏ.2030, டி.டி.ஏ.2050 ஆகியவற்றின் கால் வரிசையும் இதுவே என்பதால் ஒரே பலகையில் இவற்றையும் பொருத்த முடியும். ஆனால் ஒவ்வொன்றும் தாங்கும் மின்னழுத்தம் வேறு என்பதை மறக்கக் கூடாது.

வாங்கும்போது உற்பத்தியாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது. ஆடியோ ஐ.சி.களில் போலிகள் ஏராளம். சிறிய, மலிவான ஏதோ ஓர் ஐ.சி.யின் முகத்தைத் தேய்த்து, மேலே வேறு எண்ணை அச்சிட்டு விற்கிறார்கள். அது குறைந்த மின்னழுத்தத்தில் ஒழுங்காகவே வேலை செய்யும். உற்பத்தியாளரின் தொழில்நுட்பக் குறிப்பான டேட்டாஷீட் சொல்லும் அளவுக்கு ஏற்றியதும் புகைந்துவிடும். புதியவர் தம் சுற்றில் தவறு தேடி நாள்களை வீணாக்குவார். அந்தத் தொல்லையோடு ஒப்பிட்டால் அசல் ஐ.சி.யின் கூடுதல் விலை பெரிதல்ல.

உற்பத்தியாளரின் டேட்டாஷீட்டை இறக்கி, அதில் உள்ள மாதிரிச் சுற்றையும் பலகை அமைப்பு பற்றிய குறிப்புகளையும் முழுமையாகப் படித்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லுங்கள். இணையத்தில் கிடைக்கும் கைவரைபடங்கள் பலவற்றில் ஏதேனும் ஒரு பாகம் விடுபட்டிருக்கும்.

பவர் சப்ளை

நடுமுனை உள்ள 18-0-18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றும், ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையரும், இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களும் போதும். மாறுதிசை 18 வோல்ட்டை 1.414ஆல் பெருக்கினால் 25.4; அதில் டையோடு இழப்பாக ஏறத்தாழ 0.7 வோல்ட்டைக் கழித்தால் சுமையின்போது ஒவ்வொரு பக்கமும் 25 வோல்ட்டை ஒட்டி வரும். சுமை இல்லாதபோது டிரான்ஸ்ஃபார்மரின் மின்னழுத்தம் சற்றே உயர்ந்திருக்கும் என்பதால் 27 வோல்ட் வரை காட்டினாலும் கவலை வேண்டாம். 22-0-22 வாங்கலாமா என்று பலர் கேட்பதுண்டு, கூடாது. 22 வோல்ட் நேரடியாகவே 30 வோல்ட்டுக்கு மேல் போய் ஐ.சி.யின் எல்லையைத் தாண்டிவிடும். உங்கள் ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் 15-0-15 எடுத்துக்கொள்ளுங்கள். காரணம் வெப்பத்தைக் கணக்கிடும்போது தெரியும்.

இரண்டு சானல்களுக்கு 80 முதல் 120 வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர்) வரை திறனுள்ள டிரான்ஸ்ஃபார்மர் பொருத்தம். வட்ட வடிவ டோராய்டு வகை, வெளியே கசியும் காந்தப்புலம் குறைவு என்பதால் மேலானது. முதன்மைச் சுருளுக்கு முன்னால் தாமத வகை ஃபியூஸ் கட்டாயம்: 100 வி.ஏ.க்கு 230 வோல்ட் மின்சாரத்தில் 1 ஆம்பியர், 120 வோல்ட்டில் 2 ஆம்பியர். உலோகப் பெட்டியை மின் இணைப்பின் எர்த் கம்பியோடு திருகிட்டு இறுக்கமாக இணைக்க வேண்டும். வீட்டு மின்சாரத்தைக் கையாண்டு பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியை மட்டுமேனும் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வதே முறை.

கெப்பாசிட்டரின் அளவை நம்பிக்கையால் அல்லாமல் கணக்கால் முடிவுசெய்யலாம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் முழு அலை ரெக்டிஃபையர் நொடிக்கு 100 முறை கெப்பாசிட்டரை நிரப்புகிறது. ஓர் ஆம்பியர் தொடர்ந்து இழுக்கப்படும்போது 4,700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரில் ஏறத்தாழ 2 வோல்ட் ரிப்பிள், அதாவது மின்னழுத்த ஏற்ற இறக்கம், எழும். 10,000 ஆக்கினால் அது ஒரு வோல்ட்டாகக் குறையும். 1,000 மைக்ரோஃபாரட் மட்டும் வைத்தால் 10 வோல்ட் வரை ஏறி இறங்கும் என்பதால் உரத்த பகுதிகளில் ஒலியின் முகடுகள் வெட்டுப்படும். ஆகவே பக்கத்துக்கு 4,700 முதல் 10,000 மைக்ரோஃபாரட் வரை, 35 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும் வகையில் வையுங்கள். அதற்கும் மேலே கூட்டிக்கொண்டே போனால் சார்ஜாகும் மின்னோட்டத் துடிப்புகள் குறுகிக் கூர்மையாகும். அதன் விளைவு கிரவுண்டு இணைப்பில் வெளிப்படும்.

ஒவ்வொரு பெரிய கெப்பாசிட்டருக்கும் குறுக்கே 2.2 கிலோஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுங்கள். அணைத்த பிறகு ஒரு நிமிடத்தில் அது கெப்பாசிட்டரைக் காலிசெய்துவிடும். அது இல்லையென்றால், அணைத்துவிட்டோம் என்ற நினைப்பில் நீட்டிய ஸ்க்ரூடிரைவர் ஐ.சி.யைக் கொன்றுவிடும்.

வெப்பம்

இந்த ஐ.சி. போன்ற ஏ.பி. வகுப்பு ஆம்ப்ளிஃபையரில் (அலையின் மேற்பாதியை ஒரு டிரான்சிஸ்டரும் கீழ்ப்பாதியை மற்றொன்றும் பெருக்கும் வகை) அதிக வெப்பம் எழுவது முழு ஒலியில் அன்று. வெளியீட்டுத் திறன் உச்சத்தில் ஏறத்தாழ 40 விழுக்காடாக இருக்கும்போதுதான். அந்த உச்ச வெப்பத்தைக் கணக்கிட ஓர் எளிய வழி உண்டு: இரு சப்ளைகளுக்கும் இடையிலான மொத்த மின்னழுத்தத்தின் வர்க்கத்தை, ஸ்பீக்கரின் ஓமை 19.7ஆல் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். ±25 வோல்ட், 8 ஓம் என்றால் 2,500ஐ 158ஆல் வகுக்க 15.8 வாட். ஐ.சி. சும்மா இருக்கும்போதே 70 மில்லிஆம்பியர் இழுப்பதால் இன்னும் 3.5 வாட் சேரும், மொத்தம் 19.3 வாட்.

ஐ.சி.யின் உட்பகுதி 150 டிகிரியைத் தாண்டக் கூடாது. பெட்டிக்குள் 40 டிகிரி என்று கொண்டால் நமக்கு இடம் 110 டிகிரி. 110ஐ 19.3ஆல் வகுத்தால் வாட்டுக்கு 5.7 டிகிரி. இதில் ஐ.சி.க்குள்ளேயே 3 டிகிரியும் காப்புத் தகட்டில் ஒரு டிகிரியும் செலவாகிவிடும் என்பதால் வெப்பத்தைக் காற்றில் கலக்கும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்கின் மதிப்பு ஒவ்வொரு ஐ.சி.க்கும் வாட்டுக்கு 1.7 டிகிரியாக இருக்க வேண்டும். இது உள்ளங்கையளவுத் தகட்டில் கிடைப்பதன்று. துடுப்புகள் கொண்ட கனமான ஹீட்சிங்க் வேண்டும். இசையின் சராசரித் திறன் இந்தக் கணக்கைவிட மிகக் குறைவு என்பதால் வீட்டில் கேட்பதற்குச் சற்றுச் சிறியதும் தாக்குப்பிடிக்கும். ஆனால் முதல் தயாரிப்பில் பெரியதாகவே வைத்துவிடுங்கள். ±25 வோல்ட்டிலேயே 4 ஓம் இணைத்தால் இழப்பு 35 வாட்டைத் தொட்டுவிடும். அத்தனை வெப்பத்தை இந்தச் சிறிய உடலிலிருந்து வெளியேற்ற எந்த ஹீட்சிங்க்காலும் முடியாது. உள்ளே இருக்கும் 3 டிகிரியே 105 டிகிரியைத் தின்றுவிடும். குறைந்த சப்ளை வேண்டும் என்று சொன்னது இதனால்தான்.

எல்.எம்.1875இன் முதுகில் உள்ள உலோகத் தகடு நெகட்டிவ் சப்ளையோடு இணைந்தது. அதை எர்த் செய்த ஹீட்சிங்க்கில் நேராகத் திருகினால் 25 வோல்ட் ஷார்ட் ஆகும். மைக்கா அல்லது சிலிக்கோன் தகட்டையும், திருகுக்குப் பிளாஸ்டிக் வாஷரையும் வைத்துப் பொருத்திய பின், மல்டிமீட்டரால் உலோகத் தகட்டுக்கும் ஹீட்சிங்க்குக்கும் இடையே தொடர்பு இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். மைக்காவின் இருபுறமும் வெப்பப் பசையை மெல்லியதாகப் பூச வேண்டும். தடித்துப் பூசினால் பசையே தடையாகிவிடும். ஹீட்சிங்க் இல்லாமல் ‘ஒரு நொடி பார்த்துவிடலாம்’ என்று மின்சாரம் கொடுக்க வேண்டாம்.

சுற்றும் அதன் மதிப்புகளும்

வால்யூம் கட்டுப்பாட்டுக்கு 10 கிலோஓம், லாக் வகை இரட்டைப் பொட்டென்ஷியோமீட்டர் பொருந்தும். அதன் நடுக்காலிலிருந்து சிக்னல் 1 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டர் வழியாகவும் 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகவும் ஐ.சி.யின் 1ஆம் காலை அடைகிறது. அந்தக் காலிலிருந்து சிக்னல் கிரவுண்டுக்கு 22 கிலோஓம் ஒன்றும், வானொலி அலைகளைத் தடுக்க 220 பிகோஃபாரட் என்.பி.ஓ. வகை செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றும் செல்ல வேண்டும். வெளியீடான 4ஆம் காலிலிருந்து 2ஆம் காலுக்கு 20 கிலோஓம் பின்னூட்ட ரெசிஸ்டர். 2ஆம் காலிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டரும் 22 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக சிக்னல் கிரவுண்டுக்கு. பெருக்கம் 1 + 20, அதாவது 21. இந்தப் பெருக்கத்தில் 20 வாட் பெற உள்ளீட்டில் 0.6 வோல்ட் போதும் என்பதால், கைப்பேசியோ சி.டி. பிளேயரோ நேராக இணைத்தாலே போதிய ஒலி கிடைக்கும். தனி ப்ரீஆம்ப்ளிஃபையர் தேவையில்லை.

மதிப்புகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. 22 கிலோஓமும் 20 கிலோஓமும் ஏறத்தாழ சமமாக இருப்பதால் இரு உள்ளீடுகளின் பயாஸ் மின்னோட்டங்களும் ஒன்றையொன்று ஈடுசெய்து, வெளியீட்டில் நேர்திசை (டி.சி.) மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டோடு நின்றுவிடும். பெருக்கத்தை 10க்குக் கீழே குறைத்தால் ஐ.சி. நிலையிழந்து தானே அலைவுகளை உருவாக்கத் தொடங்கும் என்று டேட்டாஷீட்டே எச்சரிக்கிறது. ஒலி அதிகம் என்று தோன்றினால் வால்யூமைத்தான் குறைக்க வேண்டுமே தவிர பெருக்கத்தை அன்று.

வெளியீட்டிலிருந்து பவர் கிரவுண்டுக்கு 1 ஓம் ரெசிஸ்டரும் 0.22 மைக்ரோஃபாரட் ஃபிலிம் கெப்பாசிட்டரும் தொடராகச் செல்லும். ஸோபெல் எனப்படும் இந்த இணைப்பு, உயர் அதிர்வெண்ணில் ஐ.சி.க்கு நிலையான சுமையைத் தந்து அலைவைத் தடுக்கிறது. ஒலிக்கு இதனால் என்ன பயன் என்று இதைக் கழற்றிவிடுபவர்கள் பிறகு ஐ.சி. காரணமின்றிச் சுடுகிறது என்று வருந்துவார்கள். கடைசியாக, 3ஆம் காலுக்கும் 5ஆம் காலுக்கும் தனித்தனியே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்று காலை ஒட்டி ஒரு சென்டிமீட்டருக்குள்ளும், 100 முதல் 220 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் ஒன்று அதற்கு அருகிலும் இருக்க வேண்டும். பெரிய கெப்பாசிட்டர் எவ்வளவு பெரியதானாலும், அதற்கும் ஐ.சி.க்கும் இடையில் ஒரு சாண் கம்பி இருந்தால் உயர் அதிர்வெண்ணில் அது இல்லாததற்குச் சமம்.

கிரவுண்டு

வரைபடத்தில் எல்லா கிரவுண்டு குறியீடுகளும் ஒன்றே. கம்பியில் அவை ஒன்றல்ல. கம்பிக்கு மின்தடை உண்டு. அதன் வழியே மின்னோட்டம் பாயும்போது இரு முனைகளுக்கும் இடையே மின்னழுத்தம் தோன்றும். பெரிய கெப்பாசிட்டர்கள் சார்ஜாகும்போது பாயும் துடிப்பு 5 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 சென்டிமீட்டருக்கு 3.4 மில்லிஓம் தடை. அந்தச் சிறு துண்டில் எழும் மின்னழுத்தம் 17 மில்லிவோல்ட். சிக்னல் கிரவுண்டு தவறுதலாக இந்தத் துண்டின் மறுமுனையில் இணைந்திருந்தால், ஐ.சி. அந்த 17 மில்லிவோல்ட்டை இசை என்று எண்ணி 21 மடங்காக்கி, 0.36 வோல்ட்டாக ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும். நொடிக்கு 100 முறை வரும் அந்த ‘ர்ர்ர்’ ஒலி பக்கத்து அறை வரை கேட்கும். எவ்வளவு விலையுயர்ந்த கெப்பாசிட்டரும் இதை மாற்றாது. அந்த ஒரு கம்பியை இடம் மாற்றினால் முழு அமைதி வந்துவிடும்.

ஆகவே இணைப்பு வரிசையை இப்படி அமையுங்கள். டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனைக் கம்பி இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களும் சந்திக்கும் இடத்துக்கு நேராக வரட்டும். அந்த இணைப்பு தடித்ததாகவும் குட்டையாகவும் இருக்கட்டும். வேறு எதையும் அங்கே இணைக்காதீர்கள். அங்கிருந்து ஒரு குட்டையான கம்பி தனியாகப் புறப்பட்டு வேறொரு புள்ளியில் முடியட்டும். அதுவே ஸ்டார் கிரவுண்டு. சார்ஜாகும் துடிப்புகள் கெப்பாசிட்டருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கும் இடையிலேயே சுற்றிவிடும். ஸ்டார் புள்ளிக்கு வரமாட்டா. அந்தப் புள்ளிக்கு ஸ்பீக்கரின் திரும்பு கம்பி ஒன்றாகவும், ஸோபெல் மற்றும் ஐ.சி. அருகிலுள்ள சப்ளை கெப்பாசிட்டர்களின் கிரவுண்டு ஒன்றாகவும், சிக்னல் கிரவுண்டு தனியாகவும் வந்து சேர வேண்டும். உள்ளீட்டு சாக்கெட்டின் கிரவுண்டு, 22 கிலோஓமின் கீழ்முனை, 220 பிகோஃபாரட்டின் கீழ்முனை, பின்னூட்டக் கெப்பாசிட்டரின் கீழ்முனை ஆகியவை எல்லாம் சிக்னல் கிரவுண்டைச் சேர்ந்தவை. முதலில் அவை தங்களுக்குள் இணைந்து, பிறகு ஒரே கம்பியாக ஸ்டார் புள்ளிக்கு வர வேண்டும். சப்ளை கெப்பாசிட்டரின் கிரவுண்டைச் சிக்னல் கிரவுண்டில் இணைப்பதுதான் நான் மற்றவர்களின் பலகைகளில் அடிக்கடி காணும் பிழை.

கம்பிகள் இணையாக ஓடும் விதமும் முக்கியம். பாசிட்டிவ், நெகட்டிவ், கிரவுண்டு ஆகிய மூன்று சப்ளைக் கம்பிகளையும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். ஏ.பி. வகுப்பில் பாசிட்டிவ் கம்பியில் அலையின் மேற்பாதியும் நெகட்டிவ் கம்பியில் கீழ்ப்பாதியும் மட்டுமே பாய்வதால், அவற்றின் காந்தப்புலம் சிதைந்த சிக்னலைச் சுமந்திருக்கிறது. அது உள்ளீட்டுக் கம்பியில் பட்டால் சிதைவு மீண்டும் பெருக்கப்படும். ஸ்பீக்கரின் இரு கம்பிகளையும் அப்படியே முறுக்க வேண்டும். உள்ளீட்டுக்கு ஷீல்டு கம்பியைப் பயன்படுத்தி, டிரான்ஸ்ஃபார்மரிடமிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள்.

ஆம்ப்ளிஃபையரும் அதனோடு இணைக்கும் சாதனமும் எர்த் செய்யப்பட்டிருக்கும்போது எழும் மின்னோட்ட வளையத்தை உடைக்க ஸ்டார் புள்ளியையும் பெட்டியையும் நேராக இணைக்காமல், 10 ஓம் ரெசிஸ்டர், 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், எதிரெதிராக அமைந்த கனத்த டையோடுகள் ஆகியவற்றைப் பக்க இணைப்பாக இடையில் வைக்கலாம். இடையில் வைப்பது சிக்னலின் கிரவுண்டுக்கு மட்டுமே. மின் இணைப்பின் எர்த் கம்பி பெட்டியோடு நேராகவே இருக்க வேண்டும். ஹம் (ஸ்பீக்கரில் வரும் ‘ம்ம்ம்’ இரைச்சல்) போகிறது என்பதற்காக எர்த்தைக் கழற்றுவது உயிரோடு விளையாடுவது.

முதல் முறை மின்சாரம் கொடுத்தல்

ஐ.சி. பலகையை இணைக்காமல் பவர் சப்ளையை மட்டும் முதலில் சோதிக்க வேண்டும். மின் இணைப்பில் 60 வாட் இழை பல்பு ஒன்றைத் தொடராக வைத்த சீரிஸ் லேம்ப் இதற்கு இன்றியமையாதது, எல்.இ.டி. பல்பு உதவாது. சுவிட்சைப் போட்டதும் பல்பு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் எல்லாம் நலம். தொடர்ந்து பளிச்சென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். உடனே அணைத்துவிட்டு ரெக்டிஃபையரின் திசையையும் கெப்பாசிட்டர்களின் துருவத்தையும் பாருங்கள். பிறகு இரு பக்க மின்னழுத்தங்களையும் அளந்து, அவை ஏறத்தாழ சமமாகவும் எதிர் குறியுடனும் இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

அணைத்து, கெப்பாசிட்டர்கள் காலியானதை அளந்து பார்த்த பின், ஒரு சானலை மட்டும் இணையுங்கள். உள்ளீட்டை ஷார்ட் செய்து, ஸ்பீக்கர் இல்லாமல், சீரிஸ் லேம்ப் வழியாகவே மின்சாரம் கொடுத்து, வெளியீட்டின் நேர்திசை மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் சரி. சில வோல்ட் காட்டினால் எங்கோ ஓர் இணைப்பு தவறியிருக்கிறது. சப்ளை மின்னழுத்தமே முழுதாக வெளியீட்டில் வந்தால் பின்னூட்ட இணைப்பு விட்டிருக்கிறது, அல்லது ஐ.சி. போய்விட்டது, அல்லது தலைகீழாக இணைந்திருக்கிறது. பத்து நிமிடம் கழித்து ஹீட்சிங்க் இளஞ்சூடாக இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு, அதுவும் சிக்னல் இல்லாமலே, அலைவின் அடையாளம். ஸோபெல்லின் 1 ஓம் ரெசிஸ்டர் சுட்டால் அது உறுதி. ஆசிலாஸ்கோப் இல்லாதவர்களுக்கு இந்த ரெசிஸ்டரே சோதனைக் கருவி. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர்கள் காலை ஒட்டி இருக்கின்றனவா, வெளியீட்டுக் கம்பி உள்ளீட்டுக் கம்பியோடு சேர்ந்து ஓடுகிறதா என்று பார்த்தால் காரணம் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அதன் பிறகே ஸ்பீக்கர்; அதுவும் இழப்பதற்கு மனம் நோகாத பழைய ஸ்பீக்கர்.

ஹம் வந்தால்

இரைச்சலின் தன்மையே பாதி விடையைச் சொல்லிவிடும். மென்மையான ‘ம்ம்ம்’ ஒலி மின்சாரத்தின் அதே அதிர்வெண்ணில் வருவது. டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் அல்லது எர்த் வளையம் காரணமாக இருக்கும். கரகரப்பான ஒலி அதன் இருமடங்கில் வருவது. அது சார்ஜாகும் துடிப்பு, அதாவது கிரவுண்டு இணைப்பின் தவறு. அடுத்து, உள்ளீட்டில் எதையும் செருகாமல் ஷார்ட் செய்து கேளுங்கள். அப்போது அமைதி என்றால் ஆம்ப்ளிஃபையர் நலம். வளையம் வெளியே, இணைக்கும் சாதனத்தோடு இருக்கிறது. அப்போதும் கேட்டால், வால்யூமை மாற்றிப் பாருங்கள்: மாறாவிட்டால் பிழை பொட்டென்ஷியோமீட்டருக்குப் பின்னால், பெரும்பாலும் ஸ்டார் புள்ளி அமைப்பில் இருக்கும். டோராய்டு டிரான்ஸ்ஃபார்மரைத் திருகைத் தளர்த்திச் சற்றுச் சுழற்றினால் ஹம் கூடிக் குறைவதைக் கேட்கலாம். மிகக் குறையும் கோணத்தில் இறுக்கிவிடுங்கள். திருகின் இரு முனைகளும் உலோகப் பெட்டியைத் தொட்டால் அது ஒரு சுற்றுச் சுருளாகி டிரான்ஸ்ஃபார்மரையே எரித்துவிடும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மேம்படுத்துதல்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவும் ஒரு விழுக்காட்டுக்குள் சமமாக இருக்கிறதா என்று ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரால் அளந்துகொள்ளுங்கள்; காதுக்குச் சற்று உரத்தது எப்போதும் ‘தெளிவாக’ கேட்கும், பல மேம்பாடுகளின் ரகசியம் அதுதான்.

பயன் உறுதியான மாற்றங்கள் சிலவே. பின்னூட்டத்தின் 22 மைக்ரோஃபாரட்டை 100 ஆக்கலாம். 1 கிலோஓமோடு 22 மைக்ரோஃபாரட் 7 ஹெர்ட்ஸில் வெட்டத் தொடங்குகிறது. எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் குறுக்கே சிக்னல் மின்னழுத்தம் எழும்போதுதான் அது சிதைவைச் சேர்க்கிறது என்பதால், 100 ஆக்கி எல்லையை 1.6 ஹெர்ட்ஸுக்குத் தள்ளிவிட்டால் கீழ் ஒலிகளில் சிதைவு குறையும். தாழ்வெல்லையைத் தீர்மானிக்கும் வேலையை உள்ளீட்டின் ஃபிலிம் கெப்பாசிட்டர் 7 ஹெர்ட்ஸில் செய்துகொள்ளும். ஃபிலிமுக்கு அந்தக் குறை இல்லை. அதே காரணத்தால் சிக்னல் பாதையில் எக்ஸ்7ஆர் வகை செராமிக்கைப் போடக் கூடாது. மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதன் மதிப்பு மாறும். சப்ளையை ஒட்டிய 0.1 மைக்ரோஃபாரட்டுக்கு அந்த வகை பொருத்தமானதே.

நீளமான ஸ்பீக்கர் கம்பி உள்ளவர்கள், ஸோபெல்லுக்குப் பிறகு வெளியீட்டில் 0.7 மைக்ரோஹென்றி சுருளையும் 10 ஓம் ரெசிஸ்டரையும் பக்க இணைப்பாக வைத்தால் கம்பியின் கெப்பாசிட்டன்ஸ் ஐ.சி.யைத் தொந்தரவு செய்யாது. நல்ல ஸ்பீக்கர்களை இணைப்பதற்கு முன் யு.பி.சி.1237 ஐ.சி.யும் ஒரு ரிலேயும் கொண்ட பாதுகாப்புச் சுற்றைச் சேர்ப்பது எல்லா மேம்பாடுகளிலும் முதன்மையானது. அது தொடக்கத்தில் வரும் ‘டப்’ ஒலியைத் தாமதத்தால் தவிர்க்கும், ஐ.சி. ஷார்ட் ஆகி 25 வோல்ட் வெளியே வந்தால் ஸ்பீக்கரைத் துண்டித்துவிடும். விலையுயர்ந்த எண்ணெய்க் கெப்பாசிட்டர், வெள்ளிக் கம்பி ஆகியவற்றுக்கு ஒதுக்கிய பணத்தை இதற்கும் பெரிய ஹீட்சிங்க்குக்கும் செலவிடலாம். இரண்டு ஐ.சி.களைப் பக்க இணைப்பாகவோ பிரிட்ஜாகவோ சேர்த்துத் திறனைக் கூட்டும் சுற்றுகளை முதல் தயாரிப்பில் தொட வேண்டாம். பிரிட்ஜில் 8 ஓம் ஸ்பீக்கர் ஒவ்வொரு ஐ.சி.க்கும் 4 ஓமாகத் தெரியும், வெப்பக் கணக்கு மொத்தமாக மாறிவிடும்.

கூடுதல் திறன் தேவைப்படுபவர்களுக்கு அடுத்த படி எல்.எம்.3886: ±28 வோல்ட்டில் 8 ஓமுக்கு 38 வாட், 4 ஓமுக்கு 68 வாட். மேலே சொன்ன கிரவுண்டு அமைப்பும் ஸோபெல்லும் பெருக்கத்தின் கீழெல்லையும் அதற்கும் அப்படியே பொருந்தும். 1, 5 ஆகிய இரு கால்களும் பாசிட்டிவ் சப்ளை, 4 நெகட்டிவ், 3 வெளியீடு, 9 பின்னூட்டம், 10 சிக்னல். ஆனால் 8ஆம் கால் மௌனக் கால். அதை வெறுமனே விட்டுவிட்டால் எல்லாம் சரியாக இருந்தும் ஒலி வராது, ஐ.சி. செத்துவிட்டது என்று பலர் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அந்தக் காலிலிருந்து குறைந்தது 0.5 மில்லிஆம்பியர் நெகட்டிவ் சப்ளைக்குப் பாய வேண்டும். 28இலிருந்து 2.6ஐக் கழித்து 0.5 மில்லிஆம்பியரால் வகுத்தால் ஏறத்தாழ 50 கிலோஓம் வரும். அது மேலெல்லை என்பதால் 33 கிலோஓம் போட்டு, காலிலிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை, பாசிட்டிவ் முனை கிரவுண்டை நோக்கி இருக்கும்படி இணைத்தால், ஆம்ப்ளிஃபையர் சற்றே தாமதித்து, மெதுவாக ஒலிக்கத் தொடங்கும்.